கிளாசிக் ராக் ஓசைக்குப் பழைய கிட்டார்: வடசென்னையில் எது தாங்கும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ராயபுரம், காசிமேடு, பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் இருந்துகொண்டு அறுபது எழுபதுகளின் ராக் ஓசையைத் தேடுகிறவருக்கு, 1978-க்கும் 1985-க்கும் இடையில் ஜப்பானில் செய்த, கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் மாடல் வடிவ கிட்டார்தான் பொருத்தம். எழுபதுகளின் அமெரிக்க கிப்சன் அதற்கு அடுத்தது. அதே காலத்து ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அருமையான வாத்தியம், ஆனால் உப்புக்காற்றோடும் எர்த் இல்லாத பிளக்கோடும் அதற்கு ஆகாது.

அந்த ஓசையில் கிட்டாரின் பங்கு பலர் நினைப்பதைவிடக் குறைவு. வால்வு ஆம்பை (கண்ணாடிக் குழாய் வால்வுகள் உள்ள ஆம்ப்ளிஃபயரை) முக்கால்வாசிக்கு மேல் திறக்கும்போது வரும் கரகரப்பும் 12 அங்குல ஸ்பீக்கரும்தான் பெரும்பகுதி. லெட் செப்பலின் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் அதன் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் வாசித்தது ஃபெண்டர் டெலிகாஸ்டர். அதைக் கேட்டுவிட்டு லெஸ் பால் என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே மொத்தப் பணத்தையும் கிட்டாரில் போட்டுவிட்டு ஆம்புக்குக் கடன் கேட்காதீர்கள்.

கிட்டாரிடம் எதிர்பார்க்க வேண்டியது இதுதான்: நடுஸ்தாயி நிறைவாக இருக்க வேண்டும், சுரம் நீண்டு நிற்க வேண்டும், வால்யூமை 6-க்குக் குறைத்தால் கரகரப்பு விலகி ஓசை தெளிய வேண்டும். மூன்றாவது விஷயத்தில்தான் புது கிட்டார்கள் பலவும் தோற்கின்றன. சேத் லவர் கிப்சனுக்காக 1955-ல் வடிவமைத்து, 1957-ல் லெஸ் பாலில் ஏறிய ஹம்பக்கர் என்னும் இரட்டைச் சுருள் பிக்கப்பில் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பாகம்) ஒவ்வொரு பாபினிலும் சுமார் 5,000 சுற்று 42 கேஜ் கம்பி. இரண்டு காயிலும் (கம்பிச் சுருளிலும்) சேர்ந்து 7 முதல் 9 கிலோ ஓம் காட்டும். 14, 16 கிலோ ஓம் காட்டும் ஹெவி மெட்டல் பிக்கப்பை யாராவது மாட்டி வைத்திருந்தால் வால்யூமை எவ்வளவு குறைத்தாலும் அந்தத் தெளிவு வராது.

இதை அளக்க கிட்டாரைப் பிரிக்க வேண்டாம். கேபிளை ஜாக்கில் சொருகி, வால்யூமையும் டோனையும் முழுதாகத் திறந்து, ஸ்விட்சை ஒரு பிக்கப்பில் மட்டும் வைத்து, கேபிளின் மறுமுனையில் நுனியிலும் உடலிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 500 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் இணையாக இருப்பதால் 8 கிலோ ஓம் பிக்கப் 7.9 அளவில் தெரியும். இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரி குளிரில் 7.5 காட்டிய பிக்கப் நம் 35 டிகிரியில் 7.9-ஐத் தாண்டும். விற்பவர் சொன்ன எண்ணும் உங்கள் மீட்டரும் இவ்வளவு வேறுபட்டால் சண்டை போடாதீர்கள். எண் நிலைக்காமல் ஓடினாலோ எதுவுமே காட்டாவிட்டாலோ காயில் அறுந்திருக்கிறது. மோட்டார் காயில் கட்டும் கடையில் கொடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கம்பி 0.063 மி.மீ. தடிமன்தான், அவர்கள் சுற்றுவது அதைவிடப் பல மடங்கு தடித்தது.

கிப்சனுக்கு வருவோம். 1958 முதல் 1960 வரையிலான சன்பர்ஸ்ட் லெஸ் பால் வீட்டுமனை விலை, அந்தப் பேச்சே வேண்டாம். நமக்கு எட்டக்கூடியது நார்லின் நிறுவனத்தின் கையில் கிப்சன் இருந்த எழுபதுகளின் சரக்கு. மகோகனிப் பலகைகளுக்கு நடுவே மேப்பிள் தகடு வைத்து ஒட்டிய உடல், மூன்று துண்டு மேப்பிள் நெக், நட்டுக்கு (கம்பிகள் தலைக்குப் போகுமுன் தாங்கும் பட்டை) பின்னால் ஒரு புடைப்பு. சேகரிப்பாளர்கள் இவை மூன்றையும் ஏளனம் செய்வார்கள். வாசிப்பவருக்கு அந்தப் புடைப்பும் மேப்பிளும் வரம். லெஸ் பாலின் தலை பின்பக்கம் சாய்ந்திருப்பதாலும், ட்ரஸ் ராடுக்கு (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) அங்கே மரத்தைக் குடைந்திருப்பதாலும், நட்டுக்குப் பின்னால்தான் முதலில் உடையும். ஷேர் ஆட்டோவில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு போகிற ஊரில் அந்த இடம் எவ்வளவு தடிப்போ அவ்வளவு நல்லது. செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து அங்கே முடி போன்ற கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியது நன்றாக இருந்தால் ஓசையில் குறை தெரியாது, ஆனால் விலையில் பெருமளவு குறைத்தே தீர வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் வந்த பல லெஸ் பால்களில் வால்யூமுக்கு 300 கிலோ ஓம், டோனுக்கு 100 கிலோ ஓம் கன்ட்ரோல்கள். கம்பளி போர்த்தியது போல ஓசை மந்தமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். நான்கையும் 500-ஆக மாற்றி, 0.022 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் போட்டால் கிட்டார் கண் விழிக்கும். கழற்றிய பாகங்களைப் பையில் போட்டு கேஸிலேயே வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள். அந்தக் கன்ட்ரோல்களின் முதுகில் ஏழு இலக்க எண் இருக்கும். 1377633 என்றால் 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 76 ஆண்டு, 33 வாரம். கன்ட்ரோல் செய்த தேதிக்கு முன்னால் கிட்டார் பிறந்திருக்க முடியாது. 1974 என்று சொல்லி விற்கும் கிட்டாரில் 76 இருந்தால், ஒன்று பாகம் மாற்றியிருக்கிறார்கள், அல்லது கதை விடுகிறார்கள்.

போலிகளும் உண்டு. கிப்சனில் ட்ரஸ் ராடு மூடிக்கு இரண்டு திருகு, உள்ளே ராடை இறுக்கும், வெளிப்பக்கம் அறுகோணமான திருகு நட். மூன்று திருகும் ஆலன் சாவித் துளையும் இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் விஷயத்தில் மனசு கேட்காது என்பது புரிகிறது. 1971 முதல் 1981 வரை மூன்று போல்ட் நெக், பெரிய தலை. நெக்கைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளிப் பாருங்கள். சுருதி மாறினால் நெக் பொருந்தும் குழி தளர்வு. அது சரியாக இருந்தாலும் இரண்டு தொல்லைகள் தீராது. முதலாவது இரைச்சல். ஒற்றைக் காயில் பிக்கப் 50 ஹெர்ட்ஸ் முனகலை அப்படியே வாங்கிக் கொடுக்கும். பக்கத்தில் வெல்டிங் பட்டறையோ லேத்தோ இருக்கும் தெருவில், எர்த் கம்பி பேருக்கு மட்டும் இருக்கும் பழைய வீட்டில், கெயினை (ஆம்பின் கரகரப்புக் குமிழை) ஏற்றினால் சுரத்தைவிட முனகல்தான் அதிகம் கேட்கும். அந்தக் காலத்து ஸ்ட்ராட்டில் நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டதில்லை. எனவே இரண்டு பிக்கப் சேரும் இடைநிலைகளிலும் முனகல் அடங்காது. ஹம்பக்கரில் எதிர்த்திசைக் காயில் கூடவே இருப்பதால் அது தானாகக் கழிந்துவிடும்.

இரண்டாவது தொல்லை துரு. ஸ்ட்ராட் பிக்கப்பில் கம்பியைச் சுற்றியிருப்பது நேரே காந்தத் தண்டுகளின் மேல், நடுவே மெல்லிய வார்னிஷ் மட்டும். உப்பு ஈரம் ஏறிக் காந்தம் துருப்பிடித்தால் உள்வரிசைக் கம்பியைத் தின்றுவிடும். ஹம்பக்கரில் பிளாஸ்டிக் பாபின் இடையில் இருக்கிறது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் சேடிலின் சின்ன ஆலன் திருகுகளும் அப்படியே இறுகிப்போகும். பல்குத்தும் குச்சி நுனியில் ஒரு சொட்டு ஊடுருவும் எண்ணெய் வைத்து ஓரிரவு விட்டுத் திருப்புங்கள். ஸ்ப்ரேயை நேராக அடித்தால் மரம் குடித்துவிடும்.

இப்போது ஜப்பான். கிரெகோ, டோகாய், பர்னி ஆகிய மூன்று பெயர்களையும் நினைவில் வைத்தால் போதும். மாடல் எண்ணே அன்றைய விலை: கிரெகோ ஈஜி 800 என்றால் 80,000 யென், டோகாய் எல்எஸ் 80 என்றாலும் அதே 80,000 யென். 50, 60 அளவில் வந்தவையும் உழைக்கும். 80-க்கு மேல் போனால் மரத்தேர்வும் பிக்கப்பும் வேறு தரம். எழுபதுகளின் முற்பகுதியில் வந்த சரக்கைத் தவிர்த்துவிடலாம். நெக் போல்ட் போட்டு மாட்டியது, மேல்பலகை பல சமயம் வளைத்த பிளைவுட், அடியில் வெற்றிடம். விரல் கணுவால் தட்டினால் டொக்கென்று கேட்கும். சந்தேகமிருந்தால் பிக்கப் சட்டத்தின் நான்கு திருகைக் கழற்றி உள்ளே பாருங்கள், பிளைவுட் அடுக்கு கண்ணுக்கே தெரியும்.

விற்பவர்கள் 'லாசூட் கிட்டார்' (வழக்குக்குள்ளான கிட்டார்) என்று ஒரு விலை ஏற்றுவார்கள். 1977-ல் கிப்சன் தரப்பு வழக்குப் போட்டது ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற நிறுவனத்தின் மீது, அதுவும் தலையின் வடிவத்துக்காக. ஜப்பானில் செய்த எல்லாவற்றுக்கும் அந்தப் பட்டம் ஒட்டாது, அதற்குத் தனியாகக் காசும் கொடுக்க வேண்டாம்.

எந்த கிட்டாராக இருந்தாலும் நெக்தான் முதல் சோதனை. பிக்கப், கன்ட்ரோல், டியூனர் எல்லாம் பின்னால் மாற்றலாம், முறுக்கிய நெக்கை எளிதில் சரிசெய்ய முடியாது. தடித்த ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (விரல்பலகையில் பதித்த உலோகப் பட்டை) 17-ஆம் ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு 7, 8-ஆம் ஃப்ரெட் அருகே இடைவெளி பாருங்கள். பைக் மெக்கானிக் டேப்பட் செட் பண்ண வைத்திருக்கும் ஃபீலர் கேஜில் 0.25 மி.மீ. தகடு லேசாக உரசிப் போனால் சரி. மெல்லிய கம்பியிலும் அதையே செய்யுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது, வேண்டாம். 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.5 மி.மீ. இருக்கலாம்.

ட்ரஸ் ராடைத் தொடாமல் பணம் கொடுக்காதீர்கள். ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் நெக் வெவ்வேறாக நிற்கும், வருஷத்துக்கு இரண்டு முறையாவது கால் சுற்று திருப்ப வேண்டிவரும். முதலில் கால் சுற்று தளர்த்தி, பிறகு இறுக்கிப் பாருங்கள். கிப்சனுக்கு 5/16 அங்குல சாக்கெட், மூன்று போல்ட் ஃபெண்டரின் தலையில் தெரியும் குண்டு முனைக்கு 1/8 ஆலன் சாவி. ட்ரஸ் ராடு நட் கடைசிவரை இறுகி இனி போக இடமில்லை என்றால் அந்த நெக்கின் ஆயுள் முடியப்போகிறது. ஃப்ரெட் உயரம் 0.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் இழைத்துச் சமன் செய்ய மிச்சமில்லை. புது ஃப்ரெட் அடிக்கும் கூலியை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

விரல்பலகை பெரும்பாலும் நம்மூர் ஈட்டி மரம்தான். அறுபதுகளின் நடுவிலிருந்து ஃபெண்டரும் கிப்சனும் பிரேசில் மரத்திலிருந்து இதற்குத்தான் மாறினார்கள். பிரேசில் ஈட்டி என்று யாராவது சொன்னால் வெளிநாட்டிலிருந்து தருவிக்குமுன் யோசியுங்கள், 1992 முதல் அது அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டாது.

எடையையும் பாருங்கள். மீன்கடைக்காரர் கையில் தொங்கும் டிஜிட்டல் தராசே போதும். நார்லின் லெஸ் பால் 4.5 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். ஆடி மாதக் கோயில் மேடையில் மூன்று மணி நேரம் நின்று வாசிக்கிறவர் 4.2-க்குள் தேடட்டும்.

பழைய மெல்லிசைக் குழுக்கள் கலைந்தபோது வெளியே வந்த கொல்கத்தா கிட்டார்களும் இந்தப் பக்கம் கிடைக்கும். மலிவு. பிக்கப் விசிலடிக்கும், சுருதி நிற்பது சந்தேகம். கம்பியை உயர்த்தி ஸ்லைடு (கம்பிகளின் மேல் குழாயை வழுக்கி) வாசிக்க மட்டும் எடுக்கலாம்.

ஜப்பானிலிருந்து ஆம்பும் சேர்த்துத் தருவித்தால் அது 100 வோல்ட். 50 வாட் வால்வு ஆம்புக்கு 300 வி.ஏ. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இரண்டு பின் பிளக் உள்ள அறுபதுகளின் அமெரிக்க ஆம்ப் என்றால், மெயின்ஸுக்கும் சேசிஸுக்கும் இடையே இருக்கும் கப்பாசிட்டரை வெட்டி எடுத்து, மூன்று பின் வயர் போட்ட பிறகே கிட்டாரைச் சொருகுங்கள். பந்தல் ஜெனரேட்டரில் வாசிக்கும்போது பாடும் மைக்குக்கும் கிட்டார் கம்பிக்கும் இடையே மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். உதடு மைக்கில் படும்போது அடிக்கும் ஷாக் வேடிக்கையல்ல.

வாங்கி வந்ததும் டியூனர் குமிழ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் சுருங்கி மாவாக உதிரும், ஆனால் குமிழ் மட்டும் தனியாகக் கிடைக்கும், டியூனரை மாற்ற வேண்டியதில்லை. நைட்ரோ லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு) பூசிய கிட்டாரை ரப்பர் பிடி வைத்த ஸ்டாண்டில் நிறுத்தாதீர்கள், ரப்பரிலுள்ள ரசாயனம் லாக்கரை இளக்கி ஒட்டிக்கொள்ளும். பிடியில் பருத்தித் துணி சுற்றினால் போதும்.