நிறைந்தபடியே திரும்பி வந்த தண்ணீர் பாட்டில்: ஒரு பள்ளியில் ஐந்து வருடம்

கோட்டையூரில் இருக்கும் தோழி போன வாரம் போன் செய்தாள். "அக்கா, பாப்பா அஞ்சாவது முடிச்சிட்டா. உங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துலயே சேர்த்துடலாமா?" யோசிக்காமல் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பெரியவள் அங்கே ஆறாவதில் சேர்ந்து இந்த வருடம் பத்தாவது முடித்துவிட்டாள். சின்னவள் இப்போது ஏழாவது. பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை.

காரைக்குடிப் பக்கத்தில் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. புத்தகம், சீருடை, பஸ் பாஸ், மதியச் சாப்பாடு எல்லாம் மற்ற இடங்களில் உள்ளதுதான். கட்டடம் மட்டும் தனி. நகரத்தார் குடும்பம் ஒன்று அந்தக் காலத்தில் கட்டிக்கொடுத்தது. கனமான சுண்ணாம்புக் காரைச் சுவர், நடுவில் முற்றம், சுற்றிலும் தூண் வைத்த வராந்தா. மே மாத வெயிலில் சேர்க்கைக்குப் போய் நின்றபோது உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அதிலேயே எனக்குப் பாதி மனசு போய்விட்டது.

மீதிப் பாதியை ஆசிரியர்கள் வாங்கிக்கொண்டார்கள். தலைமையாசிரியை தினமும் காலையில் வாசலில் நிற்பார். எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஒரு நாள் வரவில்லை என்றால் பத்து மணிக்குள் நமக்குப் போன் வந்துவிடும். "என்னம்மா, பிள்ளை வரலையே, உடம்புக்கு என்ன?"

பெரியவள் எட்டாவது படிக்கும்போது அவளுடைய அப்பத்தா தவறிவிட்டார். வளர்த்தவர் அவர்தான். ஒரு வாரம் பள்ளிக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், அழவும் இல்லை. ஏழாம் நாள் சாயங்காலம் வகுப்பாசிரியை பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். அந்த வாரத்துப் பாடம் முழுவதையும் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பக்கமாக எழுதியிருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் வேறு கையெழுத்து. அறிவியலை யாரோ பச்சை மையில் எழுதி, கடைசியில் "சீக்கிரம் வா" என்று போட்டிருந்தாள். அதைப் படித்ததும்தான் என் பிள்ளைக்கு அழுகை வந்தது. அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

பத்தாவதில் மெல்லக் கற்போர் பட்டியலில் இவள் பெயரும் இருந்தது. கணக்கு வரவே வராது. கணக்கு டீச்சர் திட்டவில்லை. "வரைபடம் 8 மார்க், செய்முறை வடிவியல் 8 மார்க். இந்த 16-ஐ முதலில் கையில் வாங்கிக்கொள், மிச்சத்தை அப்புறம் பார்ப்போம்" என்று தினமும் மாலையில் உட்கார்த்தி வைத்தார். சுண்டல்கூட அவர்கள் சொந்தக் காசில்தான். 35 எடுத்தால் போதும் என்று நான் கும்பிடாத சாமியில்லை. 61 வாங்கினாள்.

சரி, இப்போது பாட்டில் விஷயம்.

பெரியவள் ஆறாவது போகும்போது ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் வாங்கிக்கொடுத்தேன். காலையில் நிரப்பிக் கொடுப்பேன். சாயங்காலம் அப்படியே நிறைந்து திரும்பி வரும். மறந்துவிட்டேன் என்பாள், தாகமே இல்லை என்பாள். நம்ம ஊர் வெயிலில் ஒரு பிள்ளைக்குக் காலையிலிருந்து தாகம் எடுக்கவில்லையா? நானும் திட்டியிருக்கிறேன், அதை நினைத்தால் இப்போது வலிக்கிறது. ஏழாவதில் காய்ச்சல் வந்தது, அடிவயிறு வலி, போகும்போது எரிச்சல். சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டர். மருந்து எழுதிவிட்டு அவளிடமே கேட்டார்: "ஸ்கூல்ல பாத்ரூம் போவியாம்மா?" அவள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், இல்லை என்று தலையாட்டினாள்.

மறுநாள் நேரே போய்ப் பார்த்தேன். பின்பக்க மதிலை ஒட்டி நாலு கழிப்பறை. பெண் பிள்ளைகள் ஏறக்குறைய 220 பேர். நாலில் இரண்டுக்குத் தாழ்ப்பாளே இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை. பெரிய பிள்ளைகள் அந்த ஓட்டை வழியாகத் துப்பட்டாவின் நுனியை விட்டு முடிச்சுப் போட்டு, உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்வார்களாம். சின்னப் பிள்ளைகள் கதவைப் பிடிக்க ஒருத்தியைக் கூட்டிப் போக வேண்டும். இடைவேளை பத்து நிமிடம். தாழ்ப்பாள் உள்ள இரண்டு அறைக்கு 220 பிள்ளைகள் என்றால் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசின் தூய்மைப் பள்ளி வழிகாட்டி, 40 பேருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2012-ல், ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளிகளிலும் செய்து முடியுங்கள் என்று உத்தரவு போட்டது. கழிப்பறை இங்கேயும் இருக்கிறது. கதவைச் சாத்த முடியவில்லை.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அப்பாக்கள் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். தலைமையாசிரியை, "எனக்குத் தெரியாதா அம்மா, நானும் நிர்வாகத்துக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார். அவரை நான் நம்புகிறேன். உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசு தருவது, கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. நிர்வாகம் சென்னையில் இருக்கிறது. ஆண்டு விழாவுக்கு வரும், மாலை வாங்கும், போகும். நியாயமாகச் சொன்னால் பிள்ளைகளிடம் பணம் வசூலிக்காத பள்ளியில் காசுக்குத் தட்டுப்பாடுதான். ஆனால் அதே வருடம் முன்வாசல் வளைவுக்குப் பெயின்ட் அடித்தார்களே! பொன் நிறத்தில் எழுத்தெல்லாம் எழுதினார்களே! ஒரு தாழ்ப்பாளுக்கா பணம் இல்லை?

வீட்டுக்காரர் பொறுக்காமல் இரும்புக்கடையில் இரண்டு தாழ்ப்பாள் வாங்கிப் போய் அவரே மாட்டினார். கதவுப் பலகை ஊறிப்போயிருந்ததால் ஒரு மாதத்தில் திருகாணி கழன்று விழுந்தது.

ஆசிரியைகள் சும்மா இருக்கவில்லை. மாதவிலக்கு நாட்களில் தங்கள் கழிப்பறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னார்கள். எவ்வளவு நல்ல மனசு! ஆனால் ஆண் ஆசிரியர்களும் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழைந்து சாவி கேட்க வேண்டும். ஐந்து வருடத்தில் என் மகள் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேரளத்தில் 2019-ல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கத் தொடங்கினார்கள். அதைக் கேள்விப்பட்டு இங்கேயும் அடித்தார்கள். மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் பாட்டிலைத் தூக்கி உதட்டை நனைத்துவிட்டு மூடி வைத்துவிடுவார்களாம். இது சின்னவள் சொன்னது.

இந்த மே விடுமுறையில்தான் கதவு மாற்றினார்கள். முன்னாள் மாணவிகள் சிலர் பணம் போட்டார்களாம். நாலுக்கும் பிளாஸ்டிக் கதவு, உள்பக்கம் எவர்சில்வர் தாழ்ப்பாள், துணி மாட்ட ஒரு கொக்கி. மொத்த வேலையும் மூன்று நாள். பெரியவள் ஐந்து வருடம் அடக்கிக்கொண்டது இந்த மூன்று நாள் வேலைக்காக. பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டியவள், அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

எந்தப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தாலும் முற்றத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் போங்கள். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள், வாளியும் கப்பும் இருக்கிறதா, நாப்கின் போட மூடி வைத்த தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். சாயங்காலம் வெளியே வரும் பிள்ளைகளின் பாட்டிலைக் கொஞ்சம் கவனியுங்கள்.

தோழிக்கு நான் சொன்ன பதில், "வேண்டாம்." கோபத்தில்தான் சொன்னேன், ஆனால் இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். "அப்போ சின்னவளை வேற பள்ளிக்கு மாத்தப்போறீங்களா அக்கா?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். அந்த வகுப்பாசிரியை இவளுக்கும் இந்த வருடம் வகுப்பாசிரியை.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறேன். விண்ணப்பம் வாங்குவதற்கு முன்னால் இரண்டு பேரும் பின்பக்கம் போய்ப் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.