மீன் தொட்டி வேண்டாம், 24 மணி நேரம் போதும்: ஆர்டிகில்-டபிள்யூ1 செல் சோதனை எப்படி இருக்கிறது?

தண்ணீர் மாதிரியோ ரசாயனமோ மீனுக்கு உடனடியாக ஆபத்தா என்று பார்க்க இப்போதும் பெரும்பாலும் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு) வகுத்த 203-ஆம் எண் முறைதான். ஒவ்வொரு அடர்த்திக்கும் குறைந்தது 7 மீன்களை விட்டு 96 மணி நேரத்தில் எத்தனை சாகின்றன என்று எண்ண வேண்டும். அதில் வெறுத்துப்போனவர்கள் தாராளமாக ஆர்டிகில்-டபிள்யூ1 செல்களுக்கு மாறலாம், ஆனால் மீன் சோதனையின் வேலை முழுவதையும் இவை செய்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இவை ரெயின்போ ட்ரவுட் மீனின் செவுளிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். 1994-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் போல்ஸ் குழு இவற்றைப் பற்றி வெளியிட்டது, பெயரில் உள்ள டபிள்யூவும் அந்த ஊருக்காகத்தான். தண்ணீரில் இருக்கும் விஷம் முதலில் தொடுவது செவுளைத்தான் என்பதால் தேர்வு சரியானது. 2019-ல் சர்வதேசத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 21115, 2021-ல் ஓஇசிடி 249 என்று இந்தச் செல் சோதனைக்கு அங்கீகாரமும் வந்துவிட்டது.

பிடித்த விஷயம் இதன் பிடிவாதமற்ற குணம். கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் தேவையில்லை, எல்-15 மீடியத்தில் (செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசல்) சாதாரணக் காற்றிலேயே வளரும். 19 டிகிரி போதும், ஆனால் அறை அதைவிடச் சூடாக இருந்தால் சூடாக்கும் இன்குபேட்டர் உதவாது, குளிர்விக்கும் வகைதான் வேண்டும். வாங்கும்போது பலர் கவனிக்காத செலவு இது. அப்புறம் தண்ணீர் மாதிரியை அப்படியே செல் மேல் ஊற்றிவிட முடியாது, உப்பில்லாத நீரில் செல் உப்பி வெடித்துவிடும். அதனால் மீடியத்தின் பொடியை மாதிரி நீரிலேயே கரைத்துவிடுகிறார்கள், மாதிரியும் நீர்த்துப்போவதில்லை. சோதனை நேரத்தில் சீரம் (செல் வளர்ப்பில் சேர்க்கும் ரத்தத் திரவம்) சேர்ப்பதில்லை, சேர்த்தால் அதிலுள்ள புரதம் ரசாயனத்தைப் பிடித்துக்கொண்டு விஷம் குறைவு போலக் காட்டும்.

24 மணி நேரம் கழித்து மூன்று சாயங்கள். அலமார் புளூ செல்லின் வளர்சிதை மாற்றத்தைக் காட்டும், சிஎஃப்டிஏ-ஏஎம் செல் சவ்வு உடைந்ததா என்று சொல்லும், நியூட்ரல் ரெட் லைசோசோமின் (செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பை) நிலையைச் சொல்லும். மூன்றையும் சோதனைத் தட்டின் ஒரே குழியில் பார்க்கலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஏனென்றால் ‘செத்தது’ என்பதோடு ‘எங்கே அடி விழுந்தது’ என்பதற்கும் ஒரு குறிப்பு கிடைக்கிறது. நிறமுள்ள கழிவுநீர் வந்தால் மட்டும் கவனம், அந்த நிறமே ஒளி அளவீட்டைக் கெடுக்கும், செல் இல்லாத குழியையும் கட்டாயம் சேர்த்து வையுங்கள்.

சரி, குறைகள். நரம்பைத் தாக்கும் பூச்சிக்கொல்லிகளுக்கு இது நல்ல சாட்சி இல்லை. லிண்டேன், பெர்மெத்ரின் போன்றவை மீனைக் கொல்லும் அளவிலும் செவுள் செல்கள் அசையாமல் இருக்கும், பாவம் அவற்றுக்கு நரம்பே இல்லையே. அல்லைல் ஆல்கஹால் கதை வேறு: மீனின் உடல் அதை அக்ரோலினாக மாற்றும், அதுதான் நிஜ விஷம், ஆனால் இந்தச் செல்கள் அதைச் செய்வதில்லை. நாட்பட்ட பாதிப்பையும் இனப்பெருக்கக் கோளாறையும் இதில் தேடவே வேண்டாம். விவசாய ஓடை நீரில் ‘நச்சு இல்லை’ என்று முடிவு வந்தால் அதை மட்டும் வைத்து யாருக்கும் சான்றிதழ் கொடுக்காதீர்கள், நீர்த்தெள்ளு எனப்படும் டாஃப்னியாவை வைத்துச் செய்யும் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலையில் உண்மையில் படுத்துவது பிளாஸ்டிக். எண்ணெய்ப்பசையுள்ள ரசாயனங்கள் குழியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆவியாகும் வகை மூடியைத் தாண்டிப் பறந்துவிடும், நாம் போட்டதாக எழுதிவைத்த அளவு வேறு, செல் பார்த்த அளவு வேறு. மீடியத்தில் இருக்கும் அடர்த்தியைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்துவிட்டு ஈசி50 (பாதி அளவு பாதிப்பை உண்டாக்கும் அடர்த்தி) கணக்குப் போட்டால்தான் எண்ணுக்கு அர்த்தம் இருக்கும். அதற்கான அளவீட்டு வசதி இல்லாத ஆய்வகம் ரசாயனங்களை விட்டுவிட்டு முதலில் கழிவுநீர் மாதிரிகளோடு தொடங்கலாம், ஒப்பீட்டு ரசாயனமான 3,4-டைகுளோரோஅனிலினை மட்டும் ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டிச் செல்கள் ஒழுங்காகப் பதில் சொல்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும்.