கீவே வெட்டியும் வளையாத சாஃப்ட்: ஒரு ஸ்ட்ரெஸ் ரிலீவிங் அனுபவம்

கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப் நடத்துகிறேன். ஃபோர்ஜிங் சாஃப்ட் (சூடாக்கி அடித்து உருவாக்கிய எஃகுத் தண்டு) வேலை நிறைய வரும். இஎன் 19 என்ற அலாய் எஃகு, 80 மி.மீ. விட்டம், 900 மி.மீ. நீளம், ஹார்டனிங்கும் (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவது) டெம்பரிங்கும் (மறுபடி அளவாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைப்பது) முடிந்தே வந்துவிடும். லேத்தில் கடைந்து பார்த்தால் வளைவை அளக்கும் டயல் அசையாது. ஆனால் ஒரு பக்கம் நீளமாகக் கீவே (சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) வெட்டி கிளாம்ப்பைத் தளர்த்தியதும் நடுவில் 0.4 மி.மீ. காட்டும். டிராயிங்கில் அனுமதி 0.05 தான். முதலில் கொடுத்த இடத்தில் ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (சூடாக்கி மெதுவாக ஆறவிட்டு உள்ளே பூட்டிய தகைவைத் தளர்த்துவது) செய்ததாகச் சீட்டு தந்தார்கள், நேரத்துக்கு நேரம் எத்தனை டிகிரி என்று காட்டும் கிராஃப் தரவில்லை, சாஃப்ட் பழையபடியே வளைந்தது.

அப்புறம் நண்பர் சொல்லி இந்த ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைக்குப் போனேன். ஃபர்னஸ் பார்க்கும் அண்ணன் ரேட் சொல்வதற்கு முன்னாலேயே இரண்டு கேள்வி கேட்டார்: டெம்பரிங் எத்தனை டிகிரி, அதற்குப் பிறகு பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தினார்களா? விசாரித்தால் 620 டிகிரி, ஆமாம், நிமிர்த்தியிருக்கிறார்கள். சிக்கலே அங்கேதான். டெம்பரிங்கிலேயே உள்ளிருக்கும் தகைவு (உலோகத்துக்குள் பூட்டிக் கிடக்கும் விசை) பெரும்பாலும் தணிந்துவிடும், ஆனால் ஆறிய சாஃப்டைப் பிரஸ்ஸில் அழுத்தி நேராக்கினால் ஒரு பக்கம் இழுவையும் மறுபக்கம் அமுக்கமும் புதிதாக உள்ளே பூட்டிக்கொள்ளும். முழு உருளையாக இருக்கும்வரை அவை ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும், ஒரு பக்கம் உலோகத்தை வெட்டி எடுத்ததும் அந்தச் சமநிலை போய் சாஃப்ட் வளைந்துவிடும்.

அவர் வைத்தது 590 டிகிரி. டெம்பரிங் சூட்டைத் தாண்டினால் கடினம் இறங்கிவிடும் என்பதால் 30 டிகிரி கீழே. அந்தச் சூட்டில் எஃகின் வலு குறைவதால் பூட்டிய தகைவு தானாகத் தளர்கிறது. 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் மூன்றரை மணி நேரம் வைத்தார், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் ஃபர்னஸ் சுவரில் இல்லாமல் சாஃப்ட்டின் மேலேயே. படுக்க வைத்தால் நீள சாஃப்ட் தன் எடையிலேயே தொய்யும் என்று பிட் ஃபர்னஸில் (குழி போன்ற உலை) தொங்கவிட்டார். எனக்கு ரொம்பப் பிடித்தது, அவசரப்பட்டு மூடியைத் திறக்காமல் 300 டிகிரி வரை உள்ளேயே மெதுவாக ஆறவிட்டதுதான், சூடாக வெளியே எடுத்தால் சீரில்லாமல் ஆறி தகைவு திரும்ப வந்துவிடும். மொத்தமும் கிராஃபில் இருந்தது.

முதல் லாட் 20 சாஃப்ட். கீவே வெட்டிய பிறகு 18 சாஃப்ட் 0.05-க்குள், இரண்டு மட்டும் 0.07. கடினம் ராக்வெல் சி என்ற அளவுகோலில் 30, போகும்போது இருந்ததேதான். அந்த இரண்டையும் பிரஸ்ஸில் நிமிர்த்தலாமா என்று கேட்டதற்கு, நிமிர்த்தினால் மறுபடி ஃபர்னஸில் போட்டாக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சரிதான்.

குறைகளும் உண்டு. லோட் சேரும் வரை காத்திருக்க வேண்டும், எனக்கு நான்கு நாள் ஆனது. காற்று படாமல் காக்கும் காப்பு வாயு இல்லாத ஃபர்னஸ் என்பதால் மேலே ஆக்சைடு செதில் படியும், ரஃப் டர்னிங்கில் 2 மி.மீ. கூடுதலாக விட்டே கொடுங்கள். ரேட் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் அதிகம், ஏற்றி இறக்குவதும் நம் பொறுப்புதான். போகும்போது டெம்பரிங் கிராஃபின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள், அது இல்லாமல் அண்ணன் ஜாபை உள்ளே எடுக்க மாட்டார்.