பழைய வண்டிக்கு பார்ட்ஸ்: கம்பெனி கவுண்டரா, பழைய கடையா, ஆன்லைனா, காயலான் கடையா?

இருபது வயது தாண்டிய வண்டிக்கு பார்ட்ஸ் எங்கே வாங்கலாம் என்று கேட்பவர்கள், ஒரே ஒரு கடையைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு கடை கிடையாது. என்ன பாகம் வேண்டுமோ அதைப் பொறுத்துக் கடை மாறும்.

முதலில் கம்பெனி கவுண்டர். தயாரிப்பில் இருக்கிற பாகமென்றால் இதைவிட நல்ல இடம் இல்லை. பழைய பார்ட் நம்பர் நின்றுபோய் அதற்குப் பதில் புது நம்பர் வந்திருந்தால், கணினியே காட்டிவிடும். பாகத்தை கம்பெனி கைவிட்டிருந்தால் "வராது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கணினியில் வண்டியைத் தேடுவது சேஸிஸ் நம்பரை வைத்துத்தான். இன்றைய 17 இலக்க சேஸிஸ் நம்பர் 1980-களில் பரவிய முறை. அதற்கு முந்தைய வண்டிகளின் நம்பர் சிறியது, திரையில் அடித்தால் பெரும்பாலும் எதுவும் வராது.

அந்த இடத்தில் கைகொடுப்பது பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அதாவது, விவரம் தெரிந்த ஒருவர் கவுண்டரில் நிற்கும் கடை. அவரைக் கண்டுபிடிப்பது எளிது. பாகத்தின் பெயரைச் சொன்னதுமே எடுத்து நீட்டமாட்டார். எந்த வருஷம், எந்த மாதம், இன்ஜின் மாற்றியதா என்று கேட்பார். கழற்றிய பாகத்தைக் கொண்டுவரச் சொல்லி வெர்னியர் வைத்து அளப்பார். ஒரே மாடலில் வருஷத்தின் நடுவில் கம்பெனி பாகத்தை மாற்றியிருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். "இது உங்கள் வண்டிக்குச் சேராது" என்று சொல்லி விற்பனையை விடுகிற கடைக்காரரை நான் முழுசாக நம்புவேன்.

சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி உண்டு. என்ஜிகே ஸ்பார்க் பிளக்குக்கு இணையான பாஷ் பிளக் எது என்று கேளுங்கள். என்ஜிகே-யில் எண் கூடக்கூட பிளக் குளிர்ந்த வகை, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்துவது. பாஷில் நேர்மாறு, எண் கூடினால் சூட்டைத் தக்கவைக்கும் சூடான வகை. பட்டியலைப் புரட்டி எடுத்துத் தருகிறவர் சரியான ஆள். எண்ணை மட்டும் பார்த்து "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால் கிளம்பிவிடுங்கள். தேவையைவிடச் சூடான பிளக் பிஸ்டனையே கெடுக்கலாம், குளிர்ந்த பிளக்கில் கரி அடையும்.

இந்தக் கடைகளுக்கும் ஒரு குறை உண்டு. அலமாரியில் பல வருஷம் கிடந்த சரக்கைப் பெருமையாக எடுத்துக் கொடுப்பார்கள். கியர், ஷாஃப்ட் என்றால் துரு இல்லாதவரை தாராளமாக வாங்கலாம். ரப்பர் மட்டும் வேண்டாம். ஆயில் சீல், பிரேக் வாஷர், ஹோஸ் எல்லாம் பாக்கெட்டைப் பிரிக்காவிட்டாலும் இறுகிப்போகும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகைப் பெட்ரோல் ஹோஸை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். ரப்பர் என்றால் புதுத் தயாரிப்புதான். மிகப் பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூளை ஊதவோ தேய்க்கவோ கூடாது.

ஆன்லைனின் பலம், அரிதான பாகம் எங்கே இருந்தாலும் கண்ணில் படும் என்பதுதான். "இந்த மாடலுக்குப் பொருந்தும்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பவேண்டாம். பாகத்தில் அச்சான நம்பரும், ஸ்கேல் வைத்து எடுத்த படமும் கேளுங்கள். ஃபில்டர், பிளக், பேரிங் மூன்றிலும் போலி நடமாட்டம் அதிகம்.

காயலான் கடையில் கதவுக் கைப்பிடி, கீல், கண்ணாடி, மீட்டர், சுவிட்ச் போன்றவை ஒரிஜினலாகவே கிடைக்கும். அப்படிக் கிடைப்பது புது டூப்ளிகேட்டைவிட நன்றாகப் பொருந்தும். பிரேக், ஸ்டியரிங் ஜாயின்ட், டயர், பெல்ட் ஆகியவற்றை அங்கே தேடவே கூடாது.

இந்த நான்கையும் அலசுகிற பலர் பேரிங் கடையை மறந்துவிடுகிறார்கள். வண்டியின் பல பேரிங்குகள் உலகப் பொது அளவில் செய்தவை. 6203 என்று எழுதியிருந்தால் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி செய்தாலும் இது மாறாது. பின்னால் வரும் எழுத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் சீல், இசட்இசட் என்றால் இரும்புத் தட்டு. சி3 என்றால் உள்ளே இடைவெளி கூடுதல். சூடேறும் இடத்தில் சி3 இருந்திருந்தால் சாதாரணத்தைப் போடாதீர்கள், சூட்டில் இறுகி சீக்கிரம் போய்விடும். ஆயில் சீலையும் இப்படியே உள் அளவு, வெளி அளவு, தடிமன் சொல்லி வாங்கலாம். வண்டியின் பெயரையே சொல்லவேண்டியதில்லை.

பிஸ்டனுக்கு மட்டும் வரிசை முக்கியம். பிஸ்டன் கைக்கு வந்து, அதை அளந்த பிறகுதான் சிலிண்டரை போர் அடிக்க, அதாவது உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்க, கொடுக்கவேண்டும். 0.75 மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்கு அடித்த பிறகு சந்தையில் 0.50 வரைதான் பிஸ்டன் இருக்கிறது என்று தெரிந்தால், சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புதுக் குழாயைப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.