செட்டில்மென்ட் பணம் வந்ததும் வங்கியிலிருந்து வரும் அழைப்பு: ஆலைத் தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் நூற்பாலையில் இரண்டாவது ஆட்குறைப்புப் பட்டியலும் ஒட்டப்பட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதில் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். எல்லோருக்கும் சம்பளக் கணக்கு ஒரே தனியார் வங்கியின் ஒரே கிளையில்தான். முதல் பட்டியலில் வெளியே வந்த எனக்கு அந்தக் கிளையில் என்ன நடந்தது என்பதை, அவர்களுக்குப் பணம் வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் வங்கியின் பெயரையும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை. சேலம் ஐந்து ரோட்டைச் சுற்றி வங்கிகளுக்கா பஞ்சம்? எந்த வங்கியானாலும் இந்த வித்தை ஒன்றுதான்.

ஐம்பத்தாறு வயதில் வேலை போனால் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது, "இனி மாதச் செலவுக்கு என்ன செய்வீர்கள்?" என்பதைத்தான். "வந்த பணத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கிறவர் வங்கியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்கக்கூட வேண்டாம். கணினியில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜனவரியில் பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், இழப்பீடு என்று ஒவ்வொன்றாகக் கணக்கில் ஏறின. பணிக்கொடைக் கணக்கை எல்லோரும் தாங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை வரும். எனக்கு 26,000 ரூபாய். ஆகவே ஆண்டுக்கு 15,000. இருபத்தேழு ஆண்டுகளுக்கு 4,05,000. இந்த விஷயத்தில் ஆலை நிர்வாகம் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பொங்கல் முடிந்த வாரத்தில் வங்கியின் ரிலேஷன்ஷிப் மேனேஜர் என்று ஒருவர் போன் செய்தார். என் மகன் வயதுதான் இருக்கும். "சார், இவ்வளவு பணம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறது. பார்க்கும்போது எனக்கே மனது கேட்கவில்லை" என்றார். இருபத்தேழு ஆண்டுகள் அந்த ஆலையில் உழைத்தவனுக்காக அந்த வாரத்தில் மனம் கேட்காமல் போனவர் அவர் ஒருவர்தான். மறுநாளே துணை மேலாளரையும் அழைத்துக்கொண்டு அம்மாபேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அஞ்சலகத்தில் இருக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாமா என்று நானே கேட்டேன். "அதற்கு அறுபது வயது ஆக வேண்டும் சார், உங்களுக்குக் கிடையாது" என்றார். இந்த ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வருகிறேன். அதற்குப் பதிலாக அவர் சொன்னது இது: என் பெயரில் ஐந்து லட்சம், மனைவி பெயரில் நான்கு லட்சம். ஒரே ஒரு முறை கட்டினால் போதும். ஐந்தாண்டு டெபாசிட் மாதிரி, ஒன்பது சதவீதம் உறுதி, கூடவே "இலவசமாக" ஆயுள் காப்பீடு.

"படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டீர்களா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். கையெழுத்து என்ற ஒன்று இப்போது கிடையாது. எங்கள் கூடத்தில் அவர் டேப்லெட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். திரை அவர் பக்கம், முதுகு எங்கள் பக்கம். ஆதார், பான் அட்டைகளைப் படம் எடுத்தார். விரலால் தள்ளிக்கொண்டே போனார். என் போனுக்கு ஆறு இலக்க எண் வந்தது. "சொல்லுங்கள் சார்" என்றார். சொன்னேன். இன்னொன்று வந்தது, அதையும் சொன்னேன். முதல் எண் விண்ணப்பத்துக்கான சம்மதம். இரண்டாவது எண், ஆண்டுதோறும் என் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நான் கொடுத்த அனுமதி. பிறகுதான் இது தெரிந்தது. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் நான்கு வரிகள் இருந்தன. எதிரே இருப்பவர் "எண், எண்" என்று அவசரப்படுத்தும்போது யார் கண்ணுக்கும் எண் மட்டும்தான் தெரியும்.

பிறகு, "காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு போன் வரும், எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று சொல்லிவிடுங்கள். 'இல்லை' என்றால் மறுபடியும் முதலிலிருந்து வரவேண்டும்" என்றார். போன் வந்தது. மடமடவென்று ஒரு பெண் படித்துக்கொண்டே போனார். அந்த ஒலிப்பதிவை எழுதிக் கேட்டுப் பின்னர் வாங்கினேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் அதில் தெளிவாகக் கேட்கிறது. "பிரீமியம் செலுத்தும் காலம் பத்து ஆண்டுகள்" என்ற சொற்கள் அந்தச் சத்தத்துக்குள் எங்கோ இருக்கின்றன. நான் சொன்ன "ஆமாம்" மட்டும் நன்றாகக் கேட்கிறது.

என் மின்னஞ்சலுக்கு வந்த பாலிசியைத் திறந்து படித்தேன். ஆண்டுக்கு ஐந்து லட்சம், பத்து ஆண்டுகள். வேலை இழந்த மனிதன் ஐம்பது லட்சம் கட்ட வேண்டும்! இணைத்திருந்த விண்ணப்பத்தில் என் தொழில் 'வணிகம்', ஆண்டு வருமானம் பதினைந்து லட்சம். சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில். மேசைமேல் என் மாத்திரை டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் அவர் காப்பி டம்ளரை வைத்தார்.

அந்த 'இல்லை' சின்ன விஷயமல்ல. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவின்படி, பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் இருந்ததாகக் காட்டி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். டேப்லெட்டைத் தட்டியது அவர். பொய் சொன்னவனாகக் காகிதத்தில் நிற்பது நான். அப்படியென்றால் அந்த "இலவச" ஆயுள் காப்பீட்டுக்கும் உத்தரவாதம் இல்லை.

ஆயுள் காப்பீட்டு பாலிசி பிடிக்கவில்லையென்றால் ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். இதற்கு 'ஃப்ரீ லுக்' காலம் என்று பெயர். முன்பு பொதுவாக 15 நாட்களாக இருந்தது; 2024 ஏப்ரலிலிருந்து எல்லாவற்றுக்கும் 30. முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, அத்தனை நாட்களுக்கான காப்பீட்டுக் கட்டணம் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும். இந்த முப்பது நாட்கள் நமக்குத் தெரியாமல் இருக்கலாம். கிளையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பாலிசியை ரத்து செய்யச் சொல்லி நான் கிளைக்குப் போனபோதெல்லாம் ஒரு காரணம் சொன்னார்கள். ரிலேஷன்ஷிப் மேனேஜர் விடுப்பில் இருக்கிறார். தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டிருக்கிறோம். படிவம் மும்பையிலிருந்து வர வேண்டும். மார்ச் முடியட்டும் சார், பிறகு பார்க்கலாம். கடைசியில், "அவரை ஈரோட்டுக்கு மாற்றிவிட்டார்கள்" என்றார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். ஏச்சு வாங்கியிருந்தால் அன்றே வேறு வழி தேடியிருப்பேன்.

எல்.ஐ.சி.யில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமனாரின் தம்பிதான் விஷயத்தை உடைத்தார். "மாப்பிள்ளை, கிளைக்குப் போவதை இன்றோடு நிறுத்துங்கள். அவர்கள் உங்களை நடக்க வைப்பதே நாளைக் கடத்தத்தான். பாலிசி கொடுத்தது வங்கியா? அது வெறும் ஏஜென்ட். காப்பீட்டு நிறுவனத்துக்கு நேராக எழுதுங்கள்" என்றார். அன்று மாலையே பாலிசியில் இருந்த முகவரிக்கு மின்னஞ்சலும், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலும் அனுப்பினேன். மறுநாள் சேலத்திலேயே இருக்கும் அவர்களுடைய கிளை அலுவலகத்தில் ஒரு நகலைக் கொடுத்து, இன்னொரு நகலில் தேதியுடன் முத்திரை வாங்கினேன். கடிதத்தில் கதை எழுதவில்லை. பாலிசி எண், கைக்கு வந்த தேதி, ஃப்ரீ லுக் காலத்தில் ரத்து செய்கிறேன் என்ற ஒரு வரி, எந்தக் கணக்குக்குப் பணம் வர வேண்டும் என்ற விவரம், அவ்வளவுதான். தானாகப் பணம் எடுக்கும் அனுமதியையும் வங்கியில் எழுதிக் கொடுத்து ரத்து செய்தேன்; இதைத் தனியாகச் செய்ய வேண்டும், பாலிசியோடு தானாகப் போய்விடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். என்னுடைய ஐந்து லட்சம், பிடித்தம் போகத் திரும்பி வந்தது.

மனைவியின் நான்கு லட்சம் வரவில்லை. அவருடைய விண்ணப்பத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரி எங்கள் வீட்டில் யாருடையதும் அல்ல. பாலிசி அந்த முகவரிக்குப் போயிருக்கிறது. கிளையைக் கேட்டால் "அச்சாகிக்கொண்டிருக்கிறது" என்றார்கள். அச்சடித்த பத்திரம் கைக்கு வந்தபோது, மின்னஞ்சல் அனுப்பிய நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் முப்பது நாட்கள் கடந்துவிட்டன என்று நிறுவனம் மறுத்துவிட்டது. யாருக்கோ அனுப்பிய கடிதம் என் மனைவிக்குக் கிடைத்ததாகக் கணக்கு! இப்போது அந்தப் புகார் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போயிருக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். அவர் மறுத்தாலோ ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். மறுப்பு வந்து ஓர் ஆண்டுக்குள் போய்விட வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணிலும் 'பீமா பரோசா' தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். பதிவு செய்த பிறகுதான் கிளையிலிருந்து எங்களைத் தேடி வந்தார்கள். "புகாரை மட்டும் வாபஸ் வாங்குங்கள் சார், பேசிக்கொள்ளலாம்" என்றார் துணை மேலாளர். முதலில் பணம் வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த முறை காப்பி கொடுக்கவில்லை.

இனி, பின்னால் வருகிறேன் என்று சொன்ன அந்தப் பதில். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 60 வயது ஆக வேண்டும் என்பது பாதி உண்மை. 55 முடிந்து 60 ஆகாதவர்களும், பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்களாக இருந்தால், அது வயது முதிர்வால் ஆனாலும் வேறு வகையில் ஆனாலும், ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் அதில் சேரலாம். முன்பு இந்தக் கெடு ஒரு மாதம்தான். 2023 நவம்பரில் மூன்றாக்கினார்கள். அப்படி வந்த தொகை எவ்வளவோ அவ்வளவு வரைதான் போடலாம். உச்ச வரம்பு 30 லட்சம். நான் போட்டபோது வட்டி 8.2 சதவீதம், சேர்ந்த நாளின் வட்டி ஐந்தாண்டுக்கும் மாறாது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கில் விழும். பத்து லட்சத்துக்குக் காலாண்டுக்கு 20,500 ரூபாய். மாதச் சம்பளம் நின்றுபோன வீட்டுக்கு இதன் அருமை தெரியும்.

அந்த ஒரு பொய் என்ன செய்தது என்று பாருங்கள். கிளைக்கு அலைந்த ஒவ்வொரு நாளும் ஃப்ரீ லுக் கெடுவை மட்டும் தின்னவில்லை, இந்த மூன்று மாதக் கெடுவையும் சேர்த்தே தின்றது. என் ஐந்து லட்சம் கெடுவுக்குள் வந்துவிட்டதால் சூரமங்கலம் அஞ்சலகத்தில் போட்டுவிட்டேன். மனைவி பாலிசியில் சிக்கிய நான்கு லட்சமும் என் பணிக்கொடைதான். இனி அது திரும்பி வந்தாலும் எனக்கு அறுபது ஆகும்வரை இந்தத் திட்டத்தில் போட முடியாது. ஆண்டுக்கு 32,800 ரூபாய் வட்டி போயிற்று. ஆம்பட்ஸ்மேனிடம் கொடுத்த மனுவில் இதையும் எழுதியிருக்கிறேன்.

பி.எஃப். பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆலை வாசலில் இப்போதே ஏஜென்டுகள் நிற்கிறார்களாம். "பென்ஷன் பணத்தையும் சேர்த்து மொத்தமாக எடுத்துத் தருகிறேன், கமிஷன் கொடுங்கள்" என்பது அவர்கள் பேச்சு. பத்து ஆண்டு பணி முடித்தவர்களின் பென்ஷன் பங்கை மொத்தமாக எடுக்க முடியாது. 58 வயதில் மாத ஓய்வூதியமாகத்தான் வரும். 50க்குப் பிறகு முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. பி.எஃப். அலுவலகம் எந்த விண்ணப்பத்துக்கும் கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணின் கடவுச்சொல்லை எவரிடமும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது பட்டியலில் இருப்பவர்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 55 முடிந்தவர்கள் அந்தச் சேமிப்புத் திட்டத்தில் சேர அஞ்சலகத்துக்குப் போகும்போது ஆலையின் சான்றிதழைக் கேட்பார்கள். என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வகையில் ஓய்வு, என்னென்ன தொகை வழங்கப்பட்டது ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். பணம் வந்த தேதிக்கும் ஆதாரம் வேண்டும். "பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்" என்று ஒற்றை வரியில் கொடுக்கும் கடிதம் போதாது. எனக்கு அதைத்தான் முதலில் கொடுத்தார்கள், திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கினேன். நம் ஆலையின் பணியாளர் பிரிவு மாத இறுதியோடு கோயம்புத்தூர் அலுவலகத்துக்குப் போகிறது. அதன்பிறகு இந்தக் காகிதத்துக்காக அங்கே போய் நிற்க வேண்டியிருக்கும். மனுவை இப்போதே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.