லேப்டாப்பில் கேம் ஸ்ட்ரீமிங்: எக்ஸ்264, என்வெங்க், குயிக் சிங்க் – எதை நம்பலாம்?

கேம் மட்டும் ஓடினால் 90 எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் வரும் படங்களின் எண்ணிக்கை) வருகிறது. ரெக்கார்டிங்குக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் பயன்படும் ஓபிஎஸ் என்ற மென்பொருளில் ரெக்கார்டிங்கைத் தொடங்கியதும் 50-க்கு இறங்கி, படம் திக்கித் திக்கி நகர்கிறது. கேமிங் லேப்டாப் வைத்திருக்கும் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். உடனே எல்லாரும் கேமின் கிராஃபிக்ஸ் செட்டிங்கைத்தான் குறைக்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் ஓபிஎஸ்ஸின் அவுட்புட் பக்கத்தில் இருக்கும் என்கோடர் மெனு.

ஒரு நொடிக்கு 60 படங்களைச் சுருக்கி வீடியோவாக்கும் வேலையை யாரிடம் கொடுக்கிறோம் என்பதைத்தான் அந்த மெனு கேட்கிறது. பேச்சுக்கு இன்டெல் ஐ5-12450எச் சிபியுவும் (பிராசஸர்), என்விடியாவின் 4 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 ஜிபியுவும் (கிராஃபிக்ஸ் சிப்) உள்ள ஒரு நடுத்தர லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். இதில் மூன்று பேர் அந்த வேலைக்குத் தயாராக இருக்கிறார்கள்: சிபியு (அதில் ஓடும் எக்ஸ்264 என்ற மென்பொருள்), என்விடியா சிப்பில் உள்ள என்வெங்க், இன்டெல் சிப்பிலேயே இருக்கும் குயிக் சிங்க்.

எக்ஸ்264

இதன் தரத்தைக் குறை சொல்லவே முடியாது. மெதுவான ப்ரீசெட்டில் (சுருக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் செட்டிங்) வைத்தால், குறைந்த பிட்ரேட்டிலும் (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டா அளவு) படம் சுத்தமாக வரும். பெரிய கூலர் வைத்த டெஸ்க்டாப்பில் தாராளமாகப் பயன்படுத்தலாம். லேப்டாப்பில் கதை வேறு. பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் சிபியுவும் ஜிபியுவும் ஒரே செப்புக் குழாய்கள் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றுகின்றன. மின்சாரத்தையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. எக்ஸ்264 சிபியுவை முழுமூச்சாக ஓட வைத்தால், அந்தச் சூடு பக்கத்தில் இருக்கும் ஜிபியுவின் கிளாக் வேகத்தையும் இறக்கிவிடும். அதனால்தான் சிபியுவை அவ்வளவாகக் கேட்காத கேமில்கூட எஃப்பிஎஸ் விழுகிறது. வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரி சிபியுவையே நம்பி ஓடும் கேம்களில் அடி இரட்டிப்பு.

வேறு என்கோடரே இல்லையென்றால் மட்டும் இதைத் தொடுங்கள். அப்போதும் ப்ரீசெட் 'வெரிஃபாஸ்ட்' அல்லது அதைவிட வேகமானது, அவுட்புட் 720பி. 1080பியில் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல்; 720பியில் 9.2 லட்சம். பாதிக்கும் மேல் பாரம் குறைகிறது.

என்வெங்க்

என் ஓட்டு இதற்குத்தான். கேமை வரையும் கோர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிப்புக்குள் வீடியோ சுருக்குவதற்கென்றே தனியாக உட்கார்ந்திருக்கும் பகுதி இது. 2012-இல் என்விடியாவின் கெப்ளர் சிப் தலைமுறையில் வந்தது. ஆரம்பத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்ததால் கெட்ட பெயர் எடுத்தது உண்மை. 2018-இல் டியூரிங் தலைமுறை வந்தபோது தரம் நன்றாக ஏறிவிட்டது. ஸ்ட்ரீமிங் பிட்ரேட்டில் எக்ஸ்264 வெரிஃபாஸ்ட்டுக்கு இது இளைத்ததல்ல.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: முதலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650 டியூரிங்தான், ஆனால் அதில் இருப்பது முந்தைய தலைமுறை என்வெங்க். எம்எக்ஸ்150, எம்எக்ஸ்250, எம்எக்ஸ்350 போன்ற சிப்களில் என்வெங்க்கே கிடையாது. என்விடியா ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

என்வெங்க்குக்கு மாற்றியும் திக்கினால்? ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் என்றொரு ஜன்னல் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் விளையாடுங்கள். அதில் மூன்று கணக்குகள் தனித்தனியாக ஓடும். 'ரெண்டரிங் லேக்' ஏறினால் ஜிபியுவுக்கு மூச்சு முட்டுகிறது. 'என்கோடிங் லேக்' ஏறினால் என்கோடரால் ஈடுகொடுக்க முடியவில்லை. நெட்வொர்க் 'டிராப்டு ஃபிரேம்ஸ்' ஏறினால் உங்கள் இன்டர்நெட்தான் காரணம். அதற்காக கேம் செட்டிங்கை நோண்டிப் பயனில்லை.

என்வெங்க் வைத்திருப்பவர்களுக்கு வழக்கமாக ஏறுவது முதல் கணக்குதான். என்கோடர் தனிப் பகுதியாக இருந்தாலும், கேம் படத்தின்மேல் வெப்கேம், சாட் பெட்டி எல்லாவற்றையும் ஒட்டி ஒரே படமாக்கும் வேலையை ஓபிஎஸ் சாதாரண ஜிபியு கோர்களை வைத்துத்தான் செய்கிறது. கேம் 99 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டால் ஓபிஎஸ்ஸுக்கு இடமில்லை. மருந்து எளிது: கேமின் எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு போடுங்கள். 90 தொடும் கேமை 60-இல் நிறுத்தினால் ஜிபியுவில் இடம் கிடைக்கும், சூடும் குறையும். 60 எஃப்பிஎஸ் ஸ்ட்ரீமைப் பார்ப்பவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அப்புறம் ஓபிஎஸ்ஸை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறங்கள். விண்டோஸ் அதற்கு ஜிபியுவில் முன்னுரிமை தரும். ஓபிஎஸ்ஸின் என்கோடர் செட்டிங்கில் 'லுக்-அஹெட்' டிக்கை எடுத்துவிடுங்கள், அது கேமுக்குத் தேவையான கோர்களைத் தின்னும். 4 ஜிபி விராம்தான் (ஜிபியுவின் சொந்த மெமரி) என்றால் கேமின் டெக்ஸ்சரை ஒரு படி இறக்குவதும் நல்லது. சார்ஜரைச் செருகாமல் இதையெல்லாம் செய்து பார்ப்பதில் அர்த்தமே இல்லை. பேட்டரியில் ஓடும்போது ஜிபியு தானாகவே அடங்கிவிடும்.

குயிக் சிங்க்

2011-இல் சாண்டி பிரிட்ஜோடு வந்தது. இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸோடு சேர்ந்தே இருக்கும். என்விடியா சிப் கேமோடு போராடும் நேரத்தில் இது பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. எம்எக்ஸ் சிப் வைத்திருப்பவர்களுக்கு யோசனையே வேண்டாம், இதுதான் வழி.

ஆர்டிஎக்ஸ் உள்ளவர்களுக்கு இது இரண்டாம் இடம்தான். காரணம், கேம் வரைந்த ஒவ்வொரு படமும் என்விடியா பக்கமிருந்து ரேம் வழியாக இன்டெல் பக்கம் போய்ச் சேர வேண்டும். ஒரே ஒரு ரேம் குச்சி போட்ட லேப்டாப்பில் இந்தப் போக்குவரத்து நன்றாகவே உறைக்கும். காலியாக இருக்கும் ஸ்லாட்டில் இன்னொரு குச்சி போட்டால் டூயல் சேனல், அதாவது ரேமுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பாதை, கிடைக்கும். அந்தச் செலவு வீண்போகாது.

மக்ஸ் ஸ்விட்ச் (ஸ்கிரீனை எந்த ஜிபியுவோடு இணைப்பது என்று மாற்றும் வசதி) உள்ள லேப்டாப்பில் ஒரு சிக்கல் உண்டு. எஃப்பிஎஸ் கூடட்டும் என்று 'டிஸ்க்ரீட் ஒன்லி' முறைக்கு மாற்றினால், பல மாடல்களில் இன்டெல் கிராஃபிக்ஸ் முழுசாக அணைந்துவிடும். ஓபிஎஸ் மெனுவில் குயிக் சிங்க் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு ஜிபியு உள்ள லேப்டாப்பில் எந்த என்கோடர் எடுத்தாலும் கருப்புத் திரைத் தொல்லை வரலாம். ஓபிஎஸ்ஸில் கேமை மட்டும் பிடிக்கும் கேம் கேப்சர் பயன்படுத்தினால் ஓபிஎஸ்ஸும் கேமும் ஒரே ஜிபியுவில் ஓட வேண்டும். முழு ஸ்கிரீனையும் பிடிக்கும் டிஸ்ப்ளே கேப்சர் என்றால், ஸ்கிரீன் எந்த ஜிபியுவோடு இணைந்திருக்கிறதோ, பொதுவாக இன்டெல், ஓபிஎஸ் அங்கே ஓட வேண்டும். விண்டோஸின் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ஓபிஎஸ்ஸைச் சேர்த்து 'ஹை பெர்ஃபாமன்ஸ்' அல்லது 'பவர் சேவிங்' என்று நாமே சொல்லிவிடலாம். விளையாடுகிறவர்கள் கேம் கேப்சர், ஹை பெர்ஃபாமன்ஸ் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

ஓபிஎஸ்ஸே வேண்டுமா?

லைவ் போகவில்லை, வெப்கேம் இல்லை, கிளிப் எடுத்தால் போதும் என்றால் வேண்டாம். என்விடியா ஆப்பின் ரெக்கார்டிங்கும் என்வெங்க்கைத்தான் பயன்படுத்துகிறது. படங்களை ஒட்டும் வேலை இல்லாததால் ஓபிஎஸ்ஸை விட லேசாக ஓடும். ஆல்ட்+எஃப்9 அழுத்தினால் ரெக்கார்டிங் ஓடத் தொடங்கும். என்விடியா இல்லாதவர்களுக்கு விண்டோஸோடு வரும் கேம் பார் இருக்கிறது, விண்டோஸ்+ஆல்ட்+ஆர். ஆனால் அதன் பின்னணி ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு ஓபிஎஸ்ஸையும் ஓட்டாதீர்கள். ஒரே கேமை இரண்டு தடவை ரெக்கார்டு செய்கிற மாதிரி ஆகிவிடும்.

கேப்சர் கார்டு

"கேப்சர் கார்டு வாங்கினால் லேக் போய்விடுமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வரும் கேம் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கித் தரும் கருவி இது. அந்தப் படத்தைச் சுருக்குவதற்கு இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தால் லேக் போகும். கேம் ஓடும் அதே லேப்டாப்பில் கார்டைச் செருகினால் பாரம் அங்கேயேதான் இருக்கும். யூஎஸ்பி வழியாக வரும் வீடியோவைக் கையாளும் வேலையும் அதன் தலையிலேயே விழும். வீட்டில் இரண்டாவது கம்ப்யூட்டர் சும்மா கிடந்தால் இது அருமையான வழி. இல்லையென்றால் அந்தக் காசை ரேமுக்கும், ஃபேனைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றுவதற்கும் செலவிடுங்கள்.