சிசேரியன் வலிக்கு எந்த வாசனை: பஞ்சா, டிஃப்யூசரா, கோடாலித் தைலமா?

பினாங்கில் பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைந்தால் கோடாலித் தைலமோ ஜாதிக்காய்த் தைலமோ சாம்பிராணியோ மணக்கும். இப்போது லாவெண்டர் எண்ணெயும் சேர்ந்துகொண்டது. இவற்றில் ஆப்பரேஷன் வலிக்கென்றே சோதித்துப் பார்த்தது லாவெண்டரைத்தான். ஈரானில் நடந்த சிறிய ஆய்வுகளில், முகர்ந்த தாய்மார்களுக்கு வலி ஓரளவு தணிந்தது. அதுவும் மாத்திரையோடு சேர்த்துத்தான். டாக்டர் கொடுத்த பாராசிட்டமாலை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

எங்கள் முதல் ஓட்டு பஞ்சுக்கு. அதில் லாவெண்டர் எண்ணெய் 2 சொட்டு விட்டு, மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, 3 முதல் 5 நிமிடம் மெதுவாக மூச்சிழுத்தால் போதும். படுக்கையிலிருந்து எழுவதற்குச் சற்று முன்பு செய்வது நல்லது. தையல் சுரீரென்று இழுப்பது அப்போதுதானே. சொட்டு கூடினால் குமட்டும். குமட்டி ஓங்கரித்தால் தையலில் உயிர் போகும். முகர்ந்து முடிந்ததும் பஞ்சை மூடிபோட்ட டப்பாவில் போட்டுவிடலாம், பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது அந்த வாசனை குறுக்கே வராது.

வாசனையை அறை முழுக்கப் பரப்பும் கருவியான டிஃப்யூசரில் அந்த வசதி இல்லை. கோலாலம்பூர் கொண்டோவில் ஏர்கோன் போட்டு அடைத்த அறையில் தாய்க்குப் போவதெல்லாம் பச்சைப்பிள்ளைக்கும் போகும். வேண்டாம்.

வீட்டில் கைகொடுக்க ஆள் இருந்தால் கை, பாதம் நீவிவிடுவது பஞ்சுக்கு ஈடானது. 30 மில்லி தேங்காயெண்ணெயில் 6 சொட்டு லாவெண்டர் கலந்தால் ஏறக்குறைய 1 விழுக்காடு. கெண்டைக்காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது: ஆப்பரேஷனுக்குப் பிறகு அங்கே இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெயை வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வயிற்றுப் பக்கம் எண்ணெய்க் கையே போகக் கூடாது. கட்டு ஒட்டாமல் நழுவும், காயம் ஈரமாகிச் சீழ் வைக்கலாம். வயிற்றை நீவிவிட வந்த பாட்டி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கோடாலித் தைலம் முதுகுவலிக்குச் சுகம்தான். ஆனால் அதில் மெந்தோலும் கற்பூரமும் இருக்கின்றன. கைக்குழந்தையின் மூக்கருகே போனால் மூச்சே தடைபடலாம். மலேசியாவில் பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். குறைபாடு என்று வந்திருந்தால் கற்பூரம் கலந்த எதுவும் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டாம். சாம்பிராணிப் புகை இருமல் கொண்டுவரும். இருமினால் தையல் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாங்கும்போது லேபிளில் ‘லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா’ என்ற லாவெண்டரின் தாவரப் பெயரும் கறுத்த கண்ணாடிப் புட்டியும் இருக்கட்டும். ‘ஃப்ரேக்ரன்ஸ் ஆயில்’ என்று போட்டிருந்தால் அது மெழுகுவத்திக்கு ஊற்றுகிற சரக்கு.